மறுதட்டு

படகைச் சோதிக்க முதலில் வந்த சர்வேயர் அதற்குள் இறங்கவே இல்லை. ராபின்சன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, அவன் மனைவி கிருபாபாய் கவனித்தாள். ஆறு கடலைத் தொடும் பூவாறு பொழிக்கரையில், மரக்கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்த அந்தப் படகில் அந்த மனிதர் சுறுசுறுப்பாகத்தான் ஏறினார். செருப்பைக் கழற்றி வைத்தார், மேல்தட்டின் மூடிப்பலகையைத் தூக்கினார், ஒரு காலை உள்ளே விட்டார். விட்ட காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து கைக்குட்டையால் அந்தப் பாதத்தைத் துடைத்தார். பாதத்தில் சேறில்லை, எண்ணெயில்லை. ஆனாலும் விரலிடுக்கெல்லாம் விடாமல் துடைத்துக்கொண்டே இருந்தார். இறங்கி வந்து, "நல்ல போட்டாக்கும், தைரியமா வாங்கலாம்" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கைக்குட்டையை மட்டும் மணலில் போட்டுவிட்டுப் போனார்.

ரப்பர் விலை பாதாளத்துக்குப் போன வருஷம் அது. அவர்கள் ஊரான குன்னத்துகாலில் பாதிப்பேர் மரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது ராபின்சனுக்கு மட்டும் கடல் ஞாபகம் வந்தது. பழைய மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கி, வேலைக்கு ஆள் வைத்து, தானும் கூடவே கடலுக்குப் போய்த் தொழில் படிப்பது என்று முடிவு செய்துவிட்டான். தண்ணீரோடு அவனுக்கு இருந்த பழக்கமெல்லாம் நெய்யாற்றில் இடுப்பளவு ஆழத்தில் குளித்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊரே சொன்னது. அவன் கேட்கிற ஆளில்லை, அது கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா? அவனைத் தடுக்க முடியாது. அவன் ஏறப்போகும் பலகையாவது அவனைத் தாங்குமா என்று பார்க்கலாம். கிருபாபாய்க்கு அது ஒன்றுதான் கையில் இருந்தது.

"நீங்க திரும்பி வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். "இன்னொரு சர்வேயர் பாத்த பெறகு வாங்கினா மதி."

"எட்டி, அதான் ஒருத்தரு பாத்துக் கையெழுத்துப் போட்டாச்சே?"

"அவரு எங்க பாத்தாரு? கால் தொடச்சாரு."

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. இது விலைக்கு வாங்குகிற மாடு. நல்ல சர்வேயர் யார் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். படகுத் தரகர் பத்ரோஸிடம் போய், எந்தச் சர்வேயரைக் கண்டால் உங்களுக்கெல்லாம் பேடி, யாரைக் கண்டு பயப்படுவீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவரும் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"ஈசாக்கு சார்தான். அந்த மனுஷன் போட்டுல கேறினா பின்ன கச்சவடம் நடந்து போட்டு வித்த மாதிரிதான்."

அடுத்த நாளே நெய்யாற்றின்கரையில் ஈசாக்கின் வீட்டு வாசலில் நின்றாள். கொச்சியில் கப்பல் கட்டுகிற இடத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசினால் கடிப்பது போலிருக்கும். வருகிறேன் என்றார், ஒரு நிபந்தனையோடு. அவர் படகின் உள்ளே இருந்து ஒவ்வொரு பலகையாகச் சுத்தியலால் தட்டுவார். வாங்குகிறவர்களில் ஒருவர் வெளியே அதே இடத்தில் உள்ளங்கையை வைத்திருக்க வேண்டும். மரம் நன்றாக இருந்தால் தட்டு கையில் சுள்ளென்று அடிக்கும். உளுத்திருந்தால் வராது. வந்தால் வெளியே இருப்பவர் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அதற்குக் கொள்ளாம், பலகை நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

"தரகன் கை பொய் சொல்லும்" என்றார் ஈசாக். "வாங்குறவன் கை சொல்லாது."

மழைக்கு முந்திய ஒரு மத்தியானம் மூன்று பேரும் பொழிக்கரைக்கு வந்தார்கள். மேகம் தாழ்ந்து கிடந்தது. காற்று இல்லை. பத்ரோஸ் தூரத்தில் இருந்தே படகைக் காட்டிவிட்டு, "நீங்க பாருங்க, நான் சாயா குடிச்சிட்டு வாறேன்" என்று நடந்தார். கிருபாபாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் சாயாக்கடையைத் தாண்டியும் நிற்காமல் போனார்.

ஈசாக் இருவர் கையையும் தடவிப் பார்த்து, ராபின்சனின் கை காய்த்துப் போயிருக்கிறது, இது போதும் என்று கிருபாபாயின் கையைத் தேர்ந்தெடுத்தார்.

"நான் 'கை'ன்னு விளிப்பேன். பெறகு தட்டுவேன். நான் விளிக்காம ஒரு தட்டு கேட்டா பதில் தட்டக்கூடாது. கேட்டியளா? கடக்கரையாக்கும் இது. பதில் குடுக்கப்பிடாது."

"காஞ்ச பலகை வெடிக்கிற சத்தமா சாரே?"

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்.

வலதுபக்கம் முதலில் நடந்தது. "கை!" என்ற குரல் மரத்துக்குள்ளிருந்து அடைத்த மூக்கோடு பேசுகிறவர் குரலாக வந்தது, அப்புறம் தட்டு, அப்புறம் அவளுடைய இரண்டு தட்டு. தாரும் பழைய மீனும் டீசலும் கலந்த வாடை பலகை இடுக்குகளிலிருந்து கசிந்தது. பொழியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அப்பால் மணல்திட்டுக்கு அந்தப் புறம் கடல் இரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டும் கையில் சுள்ளென்று வந்து விழுந்தபோது அவள் மனசிலிருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மரம் நல்ல மரம். அவனைத் தாங்கும். ராபின்சன் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து, "எப்பிடி, கொள்ளாமா?" என்று கண்ணடித்தான். அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

சாயங்காலம் ஆகும்போது இடதுபக்கத்துக்கு மாறினாள். இங்கே நிழல் அதிகம், படகு அவள் பக்கமாகச் சற்றுச் சாய்ந்தே நின்றது. இங்கேயும் அதே வேலை. கை, தட்டு, மறுதட்டு. கை, தட்டு, மறுதட்டு. தோள் கடுத்தது. கண்ணை மூடி நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டாள்.

ஒரு தட்டு வந்தது. மற்றவற்றைவிட மெதுவாக, அவள் உள்ளங்கையின் நடுவில். கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிற மாதிரி.

கிருபாபாய் பிறந்தது அம்பூரியில். அங்கே ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் நடுவே ஒரு சரிவு ரப்பர் மரம் இருக்கும். ஒருவர் கூவினால் கேட்டவர் மறுகூவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் பாம்போ பன்றியோ என்று அரிவாளோடு ஓடி வருவார்கள். மறுகூவல் கொடுக்காத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று கேலிக்குச் சொல்வதும் உண்டு. கடற்கரைக்காரர்களுக்கு வேறு வழக்கம், கூப்பிட்டது யாரென்று தெரியாமல் பதில் கொடுக்க மாட்டார்கள். அது மலையோரத்துப் பெண்ணுக்கு எங்கே தெரியும்? கூவலைக் கேட்டதும் வாய் திறப்பதுபோல் அவள் கை தானாக மடங்கியது.

தட், தட்.

தட்டிய பிறகுதான் ஈசாக் 'கை' என்று சொல்லவே இல்லை என்பது உறைத்தது. கண்ணைத் திறந்தாள். ஈசாக் தென்னை மரத்தடியில் ராபின்சனின் பக்கத்தில் நின்று, செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை. எப்போது மேலே வந்தார்?

அவள் கைக்கு அடியில் மறுபடி ஒரு தட்டு. இந்த முறை அழுத்தமாக.

கையை இழுத்துக்கொண்டு அவர்களிடம் ஓடினாள். சொல்லி முடிக்கும் முன்பே ராபின்சன் சிரித்தான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. எலியா இருக்கும் பிள்ளே."

ஈசாக் சிரிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்தார்.

"பதில் தட்டினியளா?"

"தட்டிட்டேன் சாரே. ஓர்மையில்லாமத் தட்டிட்டேன்."

அவர் படகையே பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்துப் பைக்குள் போட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இந்தப் போட்டு வேண்டாம். எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். வாருங்க, போவோம்."

"மரத்துக்கு என்ன கேடு?" ராபின்சன் எழுந்தான்.

"மரத்துக்கு ஒரு கேடும் இல்ல."

"பின்ன? படிச்ச ஆளுதானே நீங்க? உங்க டார்ச்சுகூட உள்ள கெடக்கு."

"கெடக்கட்டு."

அந்த வார்த்தையில்தான் ராபின்சனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் தேடிப் போய்க் கூட்டி வந்த சர்வேயர், மரம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வேண்டாம் என்கிறார். நானே போய் டார்ச்சை எடுத்து வருகிறேன், எலியையும் வாலைப் பிடித்துத் தூக்கி வருகிறேன் என்று ஏணியில் கால் வைத்தான். கிருபாபாய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"வேண்டாம். நான் சொல்லியேன்லா, வேண்டாம்."

"நீதானே முழுக்கப் பாக்கணும்னு சொன்னே? பாத்துட்டு வாறேன் மக்கா. நீ போய்க் கைய வையி."

செருப்பை மேல்தட்டில் கழற்றிவிட்டு இறங்கினான். அவன் தலை மூடிப்பலகைக்குக் கீழே போவதை அவள் பார்த்தாள். இடதுபக்கம் ஓடி, பலகையில் இரண்டு கையையும் வைத்தாள்.

"கை!" என்றான் உள்ளிருந்து, ஈசாக்கைப் போலவே மூக்கால். கேலிதான். தட்டு வந்தது.

அவள் இரண்டு தட்டினாள். "பாத்தாச்சுல்லா? கேறி வாங்க."

"கை!"

தட்டு. மறுதட்டு.

"போதும், வாங்க!"

குரல் வரவில்லை. தட்டு மட்டும் வந்தது. சற்றுத் தள்ளி, முன்பக்கமாக. அவள் நகர்ந்து அங்கே கை வைத்துத் தட்டினாள். அடுத்தது இன்னும் தள்ளி. இன்னும் கீழே.

"விளையாடாதீங்க. பேடியா இருக்கு எனக்கு."

தட்டு.

"சாரே! அவரு பேச மாட்டேங்குறாரு சாரே!"

ஈசாக் வந்தார். வர விருப்பமில்லாத கால்களோடு ஏணியில் ஏறி, மூடிப்பலகையை முழுவதுமாகத் திறந்து தள்ளினார். சாயங்கால வெளிச்சம் உள்ளே விழுந்திருக்கும். அவர் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"சாரே?"

"டார்ச்சு எரியுது" என்றார்.

"அவரு?"

"ஆரும் இல்ல." மறுபடி குனிந்து பார்த்தார். "உள்ள ஆரும் இல்ல."

அவன் செருப்பு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. வெளியே வர வேறு வழி கிடையாது. அவள் ராபின்சன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. பலகைக்குள்ளிருந்து ஒரு தட்டு வந்தது. உடனே. அவசரமாக.

"பதில் குடுக்காதீங்க!" ஈசாக் கத்தினார்.

அவள் கை நின்றது. உள்ளே தட்டிய அது காத்திருந்தது. மறுபடி தட்டியது, முன்னைவிட மெல்ல. காத்திருந்தது. மறுபடி. இன்னும் மெல்ல. காய்ந்த இலை விழுகிற அளவுக்குக்கூட இல்லை. அவன் போகிறான். அவள் பதில் சொல்லாததால் போகிறான்.

தட், தட்.

சுள்ளென்று திரும்பி வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். இருக்கிறான். இங்கேதான். இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம். கீழே நகர்ந்தது. அவளும் குனிந்தாள். கீழே. அடிமரத்தில். மண்டியிட்டாள். ஈசாக் வந்து தோளைப் பிடித்து இழுத்தார், அவரை உதறினாள். தட்டு அடிமரத்தின் அடியில் கேட்டது. மரக்கட்டைகளுக்கு நடுவே மணலை வாரினாள். நகம் பிய்ந்தது. கையை அடியில் நுழைத்தாள். தட்டு மரத்தில் இல்லை.

மணலில்.

உள்ளங்கையை மணலில் பரப்பினாள். கீழேயிருந்து முட்டியது. அவள் தட்டினாள். அது படகை விட்டு வெளியே போனது. பொழியை நோக்கி. அவள் தவழ்ந்தாள். வறண்ட மணல். ஈர மணல். மழை தூறியது. தண்ணீர் விளிம்பு. அங்கே நின்றது.

"இருக்கேன்" என்றாள். "இங்கதான் இருக்கேன்."

வலது கைக்கு அடியில் ஒரு தட்டு.

இடது கைக்கு அடியில் இன்னொன்று.

அவள் மூச்சைப் பிடித்தாள். முழங்காலுக்கு அடியில். பாதத்துக்கு அடியில். பின்னால் ஈசாக் ஓவென்று அலறி ஒரு காலைத் தூக்கினார், பிறகு மறுகாலை. கரை நெடுக, கரையேற்றியிருந்த படகுகளுக்கு அடியில், பொழியின் அந்தக் கரை வரைக்கும், மணலுக்குக் கீழேயிருந்து தட்டின. எல்லாம் ஒரே மாதிரி. எல்லாம் காத்திருந்து, காத்திருந்து.

எது அவன்?

ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டால் அது அடங்கிப்போகும். அது அவனாக இருந்துவிட்டால்?

கிருபாபாய் இரண்டு கை விரல்களையும் மடக்கினாள். முட்டிகளில் இரத்தம் கசிந்திருந்தது. வலதுகைக்குக் கீழே இரண்டு தட்டினாள். இடதுகைக்குக் கீழே இரண்டு தட்டினாள். அதற்கு அடுத்ததுக்கு நகர்ந்தாள். அவள் பதில் தட்டிய இடங்களில் எல்லாம், அவளுக்குப் பின்னால், மணல் மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது.