மூன்றாவது கூப்பாடு

குணவதி பிறப்பதற்கு முன்பே அவளுடைய வாய் பிறந்துவிட்டது என்று ரப்பர் தோட்டத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். யார் யாரைக் கூப்பிட்டாலும் "என்னா?" என்று முதலில் கேட்பது அவள்தான். வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் அவளுடைய பதில் வந்து விழும். பெரும்பாலும் அது தப்பான பதிலாக இருக்கும். பத்து வயதுதான், ஆனால் பட்டப்பெயர் முந்திரிக்கொட்டை.

அந்த வாயை அடக்கியே ஆகவேண்டிய காலம் வந்தது.

அப்போது மலாயாவின் கெடாவில் ஜப்பான்காரர்களின் ஆட்சி. சயாமில் ரயில் பாதை போட வேண்டுமென்று தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை. குணவதியின் அண்ணன் அழகேசன் லாரியில் ஏறாமல் தப்பித்து, பால்மரக் காட்டுக்கு அப்பால் புதருக்குள் ஒளிந்திருந்தான். சாயங்காலமானால் அவனுக்கு வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுபோவது குணவதியின் வேலை.

அம்மா காளியம்மா தினமும் சொல்லித்தான் அனுப்புவாள்.

"பொழுது சாயுற நேரம். யாரு கூப்பிட்டாலும் ஒடனே என்னான்னு கேக்காதே. பேயி ரெண்டு வாட்டிதான் கூப்பிடும். மூணாவது வாட்டியும் கூப்பிட்டாத்தான் மனுசன். அதுக்குள்ள பதில் சொன்னா, சொன்னவங்களக் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

"அண்ணன் கூப்பிட்டா?"

"அவனும் மூணு வாட்டி கூப்பிடுவான்லா. சொல்லி வெச்சிருக்கேன். நீ வாய மூடிக்கிட்டுப் போ!"

குணவதி வீட்டிலேயே பழகிப் பார்த்தாள். அம்மா கூப்பிடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. கடைசியில் ஒருநாள் மூன்றாவது கூப்பாடு வரை தாங்கிவிட்டாள். "காது செவிடாப் போச்சாடி?" என்று அம்மா தலையில் குட்டியதுதான் மிச்சம்.

அன்று மழை விட்டதும் தூக்குச்சட்டியோடு கிளம்பினாள். காட்டில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. வழியில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயம் ஒன்று உண்டு. அதில் குடியிருந்த ஆண்கள் எல்லோரும் சயாமுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களும் வேறு லயத்துக்கு மாறிவிட்டார்கள். வரிசையாகக் கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே ஒரே இருட்டு.

"குணவதீ!"

அது பக்கிரிசாமி மாமாவின் குரல். கடைசி வீட்டில் இருந்தவர். போன வருடம் சயாம் லாரியில் ஏறிப் போனவர்.

"என்னா மாமா?" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குணவதி உதட்டைக் கடித்தாள். ஒரு பால்மரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"குணவதீ!"

அதே இழுப்பு. முடிவில் மாமாவின் அதே இருமல். ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும் போலவும் இருந்தது, ஓடிப்போய்விட வேண்டும் போலவும் இருந்தது. அவள் இரண்டையும் செய்யவில்லை. மூன்றாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தாள்.

அது வரவில்லை. இலைகளிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டியது.

லயத்துக்குள் ஏதோ அசைந்தது. இருட்டிலிருந்து ஓர் ஆள் மெல்ல வெளியே வந்தார். அது மாமா இல்லை, தோட்ட வேலையாட்களை மேய்க்கும் இருளப்பன் மண்டோர். ஒளிந்திருக்கும் ஆண்களைப் பிடித்து ஜப்பான்காரர்களிடம் ஒப்படைப்பவர். இந்தப் பக்கம் யாரோ சாப்பாடு கொண்டுபோகிறார்கள் என்று துப்புக் கிடைத்து, கதவுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். குணவதி ஒரு வார்த்தை பேசியிருந்தால் அண்ணன் அகப்பட்டிருப்பான்.

ஆனால் மண்டோரின் முகமும் வெளுத்துப் போயிருந்தது. பக்கிரிசாமியைப் பிடித்து லாரியில் ஏற்றியவரே அவர்தான்.

"பக்கிரி... நீயாடா?" என்று நடுங்கிக்கொண்டே கேட்டார்.

கேட்ட மறுகணம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினார். "ஐயோ! ரெண்டாவது கூப்பாட்டுக்கே பதில் சொல்லிட்டேனே! மாரியாத்தா, காப்பாத்து!" என்று அலறியபடி கால் பிடரியில் பட ஓடினார். அவருடைய செருப்பு ஒன்று சேற்றிலேயே நின்றுவிட்டது.

குணவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதையும் அடக்கினாள்.

சத்தம் ஓய்ந்த பிறகு கூரையை நிமிர்ந்து பார்த்தாள். கடைசி வீட்டுக் கூரையில் ஒரு மலை மைனா உட்கார்ந்திருந்தது. மாமா வளர்த்த மைனா! லாரியில் ஏறும் முன் கூண்டைத் திறந்துவிட்டுப் போயிருந்தார். அது அலகைத் திறந்தது.

"குணவதீ! குணவதீ!"

இரண்டே கூப்பாடு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இருமல். மைனாவுக்குத் தண்ணீர் வைக்க மாமா தினமும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டாவது கூப்பாட்டுக்குள் அவள் ஓடி வந்துவிடுவாள். மூன்றாவதைக் கேட்டுப் பழக மைனாவுக்கு வாய்ப்பே இல்லை.

மாமா வரவில்லை, அவர் குரல் மட்டும்தான் வந்திருக்கிறது என்று நினைத்ததும் குணவதிக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

புதருக்குள்ளிருந்து அழகேசன் மெதுவாக மூன்று தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவைதான் அவள், "வந்துட்டேன் அண்ணே" என்றாள்.

"யாரு அப்படி அலறுனது? என்னா நடந்துச்சு?"

சொல்வதற்கு அவளிடம் ஆயிரம் இருந்தது. ஆனால் அண்ணன் காலையிலிருந்து பட்டினி.

"மொதல்ல சாப்பிடு அண்ணே. அப்புறம் சொல்றேன்."

சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஒரு வாய் கிழங்கு தின்றான். அவளைப் பார்த்தான். இன்னொரு வாய் தின்றான். மறுபடியும் பார்த்தான். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

அழகேசன் கிழங்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, தங்கையின் கால்கள் தரையில் படுகின்றனவா என்று குனிந்து பார்த்தான்.