பேட்டரிக்கு ஊற்றிய தண்ணீர்

காலையில் ஆறு குழியும் நிரம்ப ஊற்றிய தண்ணீரைப் பத்து மணிக்கெல்லாம் பேட்டரி குடித்து முடித்திருந்தது.

ஜுல்பிகர் மூடிகளைத் திருகி எடுத்து ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்தான். ஈயத் தகடுகள் காய்ந்துபோய் வெளியே தெரிந்தன. டிரைவர் வேலைக்கு வருவதற்கு முன் கள்ளக்குறிச்சியில் பேட்டரிக் கடையில் ஏழு வருஷம் ஆசிட்டில் கையைச் சுட்டுக்கொண்டவன் அவன். நல்ல பேட்டரி மாதத்துக்கு ஒரு டம்ளர் குடிக்கும். உதவாத பேட்டரி வாரத்துக்கு ஒன்று குடிக்கும். மூன்று மணி நேரத்தில் ஒரு பாட்டில் குடிக்கிற பேட்டரியை அவன் ஆயுசில் பார்த்ததில்லை. அடியில் கைவிட்டுத் தடவினான். பெட்டியில் விரிசல் இல்லை. கீழே பலகை சருகு மாதிரி உலர்ந்து கிடந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் டெட்டாலும் பழைய ரெக்சின் சீட்டும் சேர்ந்து மணக்கும் அந்த வண்டிக்குள், ஆசிட்டின் புளித்த நெடி மட்டும் தனியாக மூக்கில் ஏறியது.

"இன்னாங்க, பல்பு மங்குதே" என்றாள் ரிஹானா, பின்னால் கட்டிலில் படுத்தபடி.

"மேகம் மறைக்குது. நீ படு."

வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

ஒரு தர்ம ஸ்தாபனத்தின் மருத்துவ வண்டி அது. பழைய பஸ்ஸை வீடாக மாற்றி, இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, மருந்து அலமாரி எல்லாம் வைத்திருந்தார்கள். கூரை மேல் வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்த சூரியத் தகடு. மாதத்தில் இருபது நாள் கல்வராயன் மலையிலேயே கிடக்கும் வண்டி என்பதால், சமையலுக்கு என்று தன் மனைவி ரிஹானாவையும் கூட வைத்துக்கொண்டான் ஜுல்பிகர். முந்தாநாள் கரியாலூரில் ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு வலி வந்துவிட்டது. வண்டியின் நர்ஸ் ராணியம்மாள்தான் பிரசவம் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண், ஒன்றரைச் சாண் நீளம்.

மருந்து வந்த அட்டைப்பெட்டியில் பஞ்சு பரப்பி, அதற்குள் குழந்தையைக் கிடத்தி, பக்கத்தில் வண்டியின் சிக்னல் பல்பு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அந்தச் சூட்டில்தான் குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஃபேன், ரேடியோ, மருந்து ஐஸ்பெட்டி எல்லாவற்றின் ஒயரையும் ஜுல்பிகர் பிடுங்கிப் போட்டுவிட்டான். பகலில் தகடு தருகிற கரண்ட், ராத்திரி பல்புக்கு. வேறு கணக்கு கிடையாது. ராணியம்மாள் இன்று விடியற்காலை கச்சிராயபாளையத்துக்கு நடந்தே இறங்கினாள். "நாளைக்குக் காலைல ஆளோட வந்துடறேன். பல்பு மட்டும் அணையக் கூடாதுப்பா. மலைக் குளிரு. அணஞ்சா கொழந்த நமக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். மறியல்காரர்கள் வெட்டிச் சாய்த்த ஒரு பெரிய புங்க மரம் வண்டிக்கு முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதில் மோதித்தான் ரேடியேட்டர் உடைந்து, இன்ஜின் பேட்டரியும் தூளாகிப் போயிருந்தது. மிச்சம் சூரியத் தகட்டோடு இணைத்த இந்த ஒரு பேட்டரிதான்.

அதுவும் தாகத்தில் கிடந்தது.

கடையில் வாங்கிய பேட்டரித் தண்ணீர் நேற்றே தீர்ந்துவிட்டது. கூரைத் தகட்டில் வழியும் மழைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைப்பது டிரைவர்களின் பழக்கம். அதையும் காலையில் ஊற்றியாகிவிட்டது. இனி குடத்தில் இருக்கிற குடிதண்ணீர்தான். அதை ஊற்றினால் பேட்டரி இரண்டு மாதத்தில் செத்துவிடும் என்று கடை முதலாளி முகம்மது கவுஸ் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சாகட்டும், இரண்டு மாதம் எவனுக்கு வேண்டும்? விடிகிற வரை போதும்.

புனலை வைத்து ஊற்றினான். ஐந்து குழிகள் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டன. ஆறாவது குழியில் ஊற்றும்போது உள்ளே ஏதோ 'மடக்' என்றது.

அவன் கை நின்றது. காதைக் கிட்டே கொண்டுபோனான். மறுபடியும் ஒரு மடக். வறண்ட தொண்டை ஒன்று, எச்சில் கூட்ட முடியாமல், கிடைத்த ஒரு வாய்த் தண்ணீரை அவசரமாக விழுங்குகிற சத்தம். முந்தாநாள் சாயங்காலம் கேட்ட அதே சத்தம்.

கரண்ட் ஏறுவதைக் காட்டும் ஆம்பியர் மீட்டரின் முள் கொஞ்சம் எழுந்தது. பல்பு தெளிந்தது. குழந்தை காலை உதைத்தது. அல்லா காப்பாற்றினான் என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். ஒரு மணிக்கு முள் மறுபடி படுத்துவிட்டது. மீதித் தண்ணீரை ஊற்றினான். நாலு மணிக்கு ஈயத் தகடுகள் மறுபடி காய்ந்துவிட்டன. குடம் காலி. ரிஹானாவுக்குக் குடிக்க வைத்திருந்த சொம்பும் காலி.

"ஓடையில மொண்டுக்கினு வாங்க. இதோ பக்கத்துலதான தண்ணி ஓடற சத்தம் கேக்குது. அதுக்கு இன்னா யோசனை?" என்றாள் ரிஹானா.

யோசனைதான். அந்த ஓடைக்கு அவன் ஏற்கெனவே ஒருமுறை போய்வந்திருக்கிறான்.

முந்தாநாள் இருட்டுகிற நேரம். வளைவில் ஒருவன் லாந்தரை ஆட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றான். கண்ணாடியை உடைப்பான், வண்டியைக் கொளுத்துவான் என்று ஜுல்பிகருக்குத் தோன்றியது. பின்னால் பெண்டாட்டி, பிறந்து ஆறு மணி நேரமான பிள்ளை. காலை ஆக்சிலேட்டரில் வைத்து அழுத்தினான். அந்த ஆள் கத்தியது வண்டி அவன் மேல் ஏறிய பிறகுதான் புரிந்தது. "மரம்! மரம்!" என்று கத்தியிருக்கிறான். வருகிற வண்டி மோதிவிடக் கூடாதென்று காவலுக்கு நின்றவன்.

வண்டி மரத்தில் மோதி நின்றதும் இறங்கிப் பார்த்தபோது அந்த ஆளுக்கு உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே எல்லாம் நசுங்கியிருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. "தண்ணி" என்றான். வாய் திறந்து திறந்து மூடியது. "தண்ணி குடுப்பா." ஜுல்பிகர் கையில் ஜாக்கி ராடு இருந்தது. இவன் பிழைத்தால் ஊரைக் கூட்டுவான், ஊர் வந்தால் நாலு பேரையும் வண்டியோடு எரிப்பார்கள் என்று மனசு ஓடியது. அடித்தான். மண்டை முதல் அடியிலேயே உள்வாங்கிவிட்டது. இருந்தும் வாய் திறந்து மூடியது. இன்னும் இரண்டு அடி. பிறகு ஓடைப் பள்ளத்துக்கு இழுத்துப்போய், வெட்டிக் கிடந்த புங்கங் கிளைகளை மேலே போட்டு மூடினான். லாந்தரைப் பள்ளத்தில் எறிந்தான்.

"இன்னா சத்தம்பா அது?" என்று ராணியம்மாள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"காட்டுப் பன்னி. உசுரு போவாம கெடந்திச்சி. முடிச்சிட்டேன்."

நல்ல பொய். இரண்டு பெண்களும் நம்பினார்கள்.

ஐந்து மணி வரை தள்ளிப்போட்டுவிட்டு, இப்போது கேனை எடுத்துக்கொண்டு இறங்கினான். ராடையும் எடுத்துக்கொண்டான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. மலையில் வெயில் சீக்கிரம் இறங்கும். எதிர்ச் சரிவின் நிழல் ரோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஈ மொய்க்கிற இரைச்சல் பள்ளத்திலிருந்து வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு போனான். ஒரு ஈ இல்லை. பிண வாடையும் இல்லை. ஆசிட் நெடிதான், கண்ணில் நீர் வரவழைக்கிற அளவுக்கு.

கிளைகளின் இலைகள் வெந்து வெளுத்திருந்தன.

பார்க்காமல் தண்ணீரை மொண்டுகொண்டு போய்விடலாம். போயிருக்கலாம். அவன் ராடால் கிளையை நெம்பித் தள்ளினான்.

முகத்தில் பாதி உள்ளே போயிருந்தது. அது அவன் செய்தது, அது அவனுக்குத் தெரியும். வயிறுதான் தெரியாதது. சட்டைப் பொத்தான்கள் தெறிக்க, நிறைந்த தோல் பை போல அது உப்பியிருந்தது. உதடுகள் வெந்து வெள்ளையாகிவிட்டிருந்தன. அந்த உதடுகள் ஈரமாக இருந்தன.

காலையிலிருந்து ஊற்றியது எங்கே போனதென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"என் கொழந்தையோடதுடா அது! நாயே, என் கொழந்தையோடது!" ராடை ஓங்கி வயிற்றில் இறக்கினான். ஒரு அடி. இன்னொரு அடி. தோல் கிழிந்தது. ரத்தம் வரவில்லை. தண்ணீர். தெளிந்த தண்ணீர். அவன் கால் விரல் மேல் பட்டதும் தீயாகச் சுட்டது. அலறிக்கொண்டே அடித்தான். கை சோரும்வரை அடித்தான். மடக். அடிக்கு நடுவில் அந்தச் சத்தம். மடக்.

தடுமாறி ஓடையில் விழுந்தான். கேனை முக்கினான். குமிழிவிட்டு நிறைவதற்கு ஒரு யுகம் ஆனது. மூடியைத் திருகிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

கிளைகள் கிடந்தன. ஆள் இல்லை.

பள்ளத்தில் எறிந்த லாந்தரும் இல்லை.

ஈரத் தடம் ஒன்று. ரோட்டை நோக்கி. கால் தடமில்லை. இழுத்துக்கொண்டு போன தடம். தடம் பட்ட இடமெல்லாம் புல் வெளுத்துக்கொண்டிருந்தது.

ஓடினான். கேன் முழங்காலில் இடித்தது. நிழல் ரோட்டைத் தாண்டிவிட்டது. சூரியன் போய்விட்டது. மேலே வண்டியின் ஜன்னலில் வெளிச்சம். மங்கல் இல்லை. கண் கூசும் வெள்ளை வெளிச்சம்.

வாசல் கைப்பிடியில் ஒரு லாந்தர் தொங்கியது.

"ரிஹானா!"

"கத்தாதீங்க, கொழந்த முழிச்சிக்கினு இருக்கு." அவள் குரலில் இரண்டு நாளாக இல்லாத தெம்பு. "நீங்க அனுப்பின ஆளு வந்தாரு. பாவம், கால் வராது போல, தவழ்ந்துகினே ஏறுனாரு. துண்டால தலைய மூடிக்கினு இருந்தாரு, மொகம்கூடப் பாக்கல. ஆறு குழிக்கும் தண்ணி ஊத்திட்டாரு. பாருங்க, பல்பு எப்டி எரியுதுன்னு."

மீட்டரைப் பார்த்தான். முள் சார்ஜ் பக்கம் கடைசிக் கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. வெளியே இருட்டு, கூரைத் தகட்டுக்கு வெயில் இல்லை. பேட்டரியின் ஆறு மூடிகளும் திறந்திருந்தன. ஆறு குழியும் ததும்பின.

"வேற இன்னா பண்ணான்?"

"நல்ல மனுசருங்க. கொழந்தைக்கு யாராச்சும் தேன் தொட்டு வச்சாங்களான்னு கேட்டாரு. தேனுக்கு எங்க போறதுன்னேன். தாகமா இருக்கும் புள்ளைக்கு, பாவம்னாரு. அந்தத் தண்ணியிலயே விரல நனைச்சி வாயில வச்சிட்டுப் போனாரு. மூணு தபா வச்சாரு."

கேனைப் பிடித்தபடியே பெட்டியின் பக்கம் குனிந்தான். வெள்ளை வெளிச்சத்தில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. குழந்தையின் கன்னம் நல்ல சூடாக, சிவப்பாக இருந்தது. சின்ன உதடுகள் இரண்டும் வெந்து வெளுத்திருந்தன. கண் திறந்து அவனையே பார்த்தது. அழவில்லை.

வாய் மட்டும் திறந்தது. மூடியது. திறந்தது. மூடியது.