இரண்டாவது துளையில் எதுவும் இல்லை

நேற்று மாலை ஜொகூர் பாருவில், வேலையிடத்து மேசையில் வைத்துச் சோதித்தபோது இதே டிவியும் இதே கேபிளும் இதே கணினியும் சொருகிய மறுநொடியே படம் காட்டின. இன்று மத்தியானம் பெக்கான் நானாஸ் வீட்டுக் கூடத்தில், அம்மாவின் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்ததும், அந்தக் கணினியின் கண்ணில் டிவி படவே இல்லை.

கறுப்புத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற நீல எழுத்து மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தது.

திமோத்தி மணியைப் பார்த்தான். ஒன்றேகால். இரண்டு மணிக்கு அம்மாவின் சவப்பெட்டியை மூடுவார்கள். மூன்று மணிக்குக் கோயிலில் பூசை. அதன் பிறகு கல்லறை.

தங்கை கிறிஸ்டின் பெர்த்தில் இருந்தாள். எட்டாம் மாதக் கர்ப்பம். விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு நாளாக உறவினர்கள் போனைப் பிடித்துக் காட்டினார்கள். ஆனால் அந்தக் கூடத்தில் போனில் இணையம் பலவீனம், வீடியோ நிற்காது, அம்மாவின் முகம் அவளுக்குச் சதுரம் சதுரமாக உடைந்துதான் தெரிந்தது.

“அண்ணே, மூடறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ முழு முகமா பாக்கணும்,” என்று அழுதாள்.

செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். மால்களில் விளம்பரத் திரைகளைப் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. சீட்டுக்கட்டு அளவே இருக்கும் ஒற்றைப் பலகைக் கணினி, அதில் ஒரு சின்னக் கேமரா, வீட்டு மோடத்திலிருந்து நேர் வயர். கிறிஸ்டின் டிவியில் தெரிவாள். அம்மா அவளுக்குத் தெரிவாள். ஒரே ஒரு நிபந்தனைதான். தனக்கு ஒரு திரை இருப்பதாகக் கணினி நம்பினால்தான் அழைப்பே தொடங்கும்.

கேபிளை மாற்றினான். டிவியை முதலில் போட்டுப் பிறகு கணினியைப் போட்டான். திருப்பிச் செய்தான். மின்சாரம் போதவில்லையோ என்று பெரிய அடாப்டரைச் சொருகினான். பலகையில் பச்சை விளக்கு ஒழுங்காகச் சிமிட்டியது. மின்விசிறிக் காற்றில் பெட்டியின் ஓரத்து வெள்ளைச் சாட்டின் சுருக்கங்கள் மெல்ல எழும்பி மெல்ல அமர்ந்தன. உள்ளிருந்து மருந்து வாடையும் வாடத் தொடங்கிய ரோஜாவின் வாடையும் வந்தன. சாலையில் அன்னாசி லாரி போகும்போதெல்லாம் பழுத்த இனிப்பு வாடை உள்ளே புகுந்து அவற்றோடு கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

அம்மாவின் விரல்களில் கறுப்புச் செபமாலை சுற்றியிருந்தது. எப்போதோ உடைந்த ஒரு மணிக்குப் பதிலாகக் கிறிஸ்டின் சின்ன வயதில் கோத்துக் கொடுத்த நீல மணி மட்டும் தனியாகத் தெரிந்தது.

“ஏன் மாப்ள, ஊர்ல உள்ள மால்ல எல்லாம் திரை மாட்டுற. எங்கக்கா வீட்டுல ஒரு டிவி எரிய மாட்டேங்குதா?” என்றார் ரேமண்ட் மாமா. இரண்டு நாள் தூங்காத கண். கேலியில் ஈரம் இருந்தது.

“அஞ்சு நிமிஷம் மாமா. வந்துரும் லா.”

கேமரா கெட்டுப்போன தன் பழைய மடிக்கணினியை எடுத்து, வயர் வழியாகப் பலகைக்குள் நுழைந்தான். திரை சொருகுவதற்கு அதில் இரண்டு துளைகள் உண்டு. என்ன தெரிகிறது என்று கேட்டான்.

முதல் துளை: இல்லை.

இரண்டாவது துளை: இல்லை.

முதல் துளையில் கேபிள் கெட்டியாகத்தான் இருந்தது. ஆட்டிப் பார்த்தான். இல்லை என்றே சொன்னது.

திரைகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் வேறு வழியே இல்லாதபோது செய்யும் வேலை ஒன்று உண்டு. அமைப்புக் கோப்பில் ஒரு வரி. ‘உனக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, திரை இருப்பதாகவே நம்பு’ என்று கணினியை அதட்டும் வரி. அதை எழுதினான். அவசரத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று, இரண்டாவது துளைக்கும் அதே வரியை ஒட்டினான்.

கணினி அணைந்து எழுந்தது. டிவியில் மாற்றம் இல்லை. மடிக்கணினியைப் பார்த்தான்.

முதல் துளை: இல்லை.

இரண்டாவது துளை: இருக்கிறது. அகலம் 56 செ.மீ. உயரம் 178 செ.மீ. நிலை: உறக்கம்.

குனிந்து பார்த்தான். இரண்டாவது துளையில் எதுவும் இல்லை. நகத்தால் தடவினான். தூசிதான்.

நம்பச் சொன்னால் நம்பும். அது சரி. ஆனால் அளவை எங்கிருந்து எடுத்தது? எந்தத் திரையும் தன் அளவைத் தானே சொல்ல வேண்டும். சொருகிய பிறகுதான் சொல்லும். கணினியால் அதைக் கற்பனை செய்ய முடியாது. அதுவும் ஆளுயரத்தில், அரைக் கதவு அகலத்தில் திரை யார் செய்கிறார்கள்?

அந்த எண்களை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. தலையை நிமிர்த்தினான்.

எதிர்ச் சுவரில் பெட்டியின் மூடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒட்டிய காகிதத்தில் பேனாவால் எழுதியிருந்தது. உள்ளளவு 56 x 178.

எழுதிய வரிகளை அழித்தான். மறுபடி அணைத்து எழுப்பினான். இருக்கிறது. உறக்கம். கணினியின் நினைவு அட்டையை எடுத்துப் புதிய அட்டை போட்டான், ஒரு வரியும் எழுதாத புத்தம்புது அட்டை. இருக்கிறது. உறக்கம்.

போன் அடித்தது.

“அண்ணே, வருதா?”

“வரும். இரு.”

“தம்பி, நேரமாச்சு,” என்றார் வீரமுத்து. அடக்க வேலைகளைப் பார்க்கும் பெட்டிக்காரர், முப்பது வருடமாக அந்த வட்டாரத்துக்கு அவர்தான். நான்கு பேர் மூடியைத் தூக்கினார்கள். அழுகை ஒரே நேரத்தில் வெடித்தது. அப்பா செபஸ்தியன் குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு நகர்ந்தார். மூடியின் நிழல் முதலில் பாதத்தில் விழுந்தது. பிறகு கையில். பிறகு முகத்தில்.

மடிக்கணினியில் எழுத்து மாறியது.

நிலை: விழித்துக்கொண்டிருக்கிறது.

“மூடாதீங்க!”

கூடமே திரும்பியது. மரத்தில் திருகு இறங்கும் கீச்சொலி மட்டும் நிற்கவில்லை.

“மாமா, நிறுத்தச் சொல்லுங்க. உள்ள... உள்ள என்னமோ...” மடிக்கணினியைத் தூக்கிக் காட்டினான். மாமா அதைப் பார்த்தார். அவருக்கு அது வெறும் எழுத்து. அவன் தோளை அணைத்துக்கொண்டார்.

“போவுது விடு மாப்ள. கிறிஸ்டின் புரிஞ்சிக்குவா.”

“அதில்ல மாமா! தொறங்க. ஒரு நிமிஷம் தொறந்து பாருங்க.”

வீரமுத்து பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “தம்பி, ஒடம்பு கெடாம இருக்க மருந்து ஏத்தி ரெண்டு நாளாச்சு. நானேதான் ஏத்துனேன். உங்களுக்குச் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லை. அதுதான் பயமே. உள்ளே விழிக்க யாரும் இல்லை.

பலகையின் மின்வயரைப் பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது. இணைப்பு அறுந்தது என்று மடிக்கணினி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நிலை: விழித்தது.

*

கல்லறையில் மேகம் கவிந்திருந்தது. செம்மண் குழி. பக்கத்தில் மண் தள்ளும் இயந்திரம் அணைந்து நின்றது. கயிற்றில் பெட்டி இறங்கியது. எல்லோரும் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். முணுமுணுப்பு. ஒரே சீராக.

பலகையும் கேமராவும் திமோத்தியின் சட்டைப் பையில் இருந்தன. வீட்டில் விட்டுவர மனம் துணியவில்லை. வயர் இல்லை. மின்சாரம் இல்லை.

ஆனாலும் பை சுட்டது.

ஓடும் கணினியின் சூடு. அவனுக்கு நன்றாகத் தெரிந்த சூடு.

போன் அதிர்ந்தது.

“அண்ணே! வந்துருச்சு! இப்பதான் படம் வருது, உடையவே இல்ல. தேங்க்ஸ்ணே...”

அவன் சட்டைப் பையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான்.

“ஆனா ஏன் இப்படி இருட்டா இருக்கு? அம்மா கைதான் தெரியுது. ரொம்பக் கிட்ட. சுத்தி வெள்ளத் துணி. கொஞ்சம் மேல காட்டுங்களேன்.”

“கிறிஸ்டின். அத ஆஃப் பண்ணு.”

“ஏண்ணே? அங்க மழையா? மேலேருந்து பொத்து பொத்துன்னு சத்தம் கேக்குது.”

குழியைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பிடி மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா அவன் உள்ளங்கையைத் திறந்து மண்ணை வைத்தார்.

“போடுப்பா.”

மண் தானாகவே நழுவியது. கீழே பெட்டியின் மூடியில் விழுந்த சத்தம் ஒரு காதில் கேட்டது. மறு காதில், போனில், அதே சத்தம். தலைக்கு மேலே விழுவது போல.

“அண்ணே, யாரு அம்மா கையப் பிடிச்சிட்டு ஜெபம் பண்றது?”

“யாரும் இல்ல.”

“மணி நகருதே. ஒன்னொன்னா. கட்டை வெரல்...” அவள் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. “அண்ணே, அது அம்மா வெரல்.”

“மாமா,” என்றான் திமோத்தி. காற்றுதான் வந்தது. “மாமா, தொறக்கச் சொல்லுங்க.” ரேமண்ட் மாமா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அழு மாப்ள, அழுதுரு, என்றார். திமிறினான். இன்னும் இரண்டு கைகள் வந்து அன்போடு பிடித்துக்கொண்டன.

செபமாலை முடிந்தது. எல்லோரும் சிலுவை போட்டார்கள்.

“அங்க முடிஞ்சிருச்சா?” கிறிஸ்டினின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகியிருந்தது. “இங்க முடியலண்ணே. நிறுத்த மாட்டேங்குது.”

இயந்திரம் உறுமி எழுந்தது. முதல் அள்ளு மண் மொத்தமாக விழுந்தது. போனில் இடி போல ஒரு சத்தம். பிறகு கிறிஸ்டினின் அலறல். பிறகு லைன் அறுந்தது.

இரண்டாவது அள்ளு.

மூன்றாவது.

கூட்டம் கலைந்து கார்களை நோக்கி நடந்தது. அவன் கையில் போன் ஒரு முறை அதிர்ந்தது. கிறிஸ்டின் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். ஒரு சொல்லும் எழுதவில்லை.

வெள்ளைச் சாட்டின். மூடியின் உட்புறம், கீழே படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவது போல, மிகப் பக்கத்தில். அதில் பத்து விரல்களும் மேல்நோக்கிப் பதிந்து, துணி நகக்கண்ணோடு ஒட்டி இழுபட்டிருந்தது. மணிக்கட்டிலிருந்து செபமாலை தொங்கியது. நீல மணி மட்டும் அசைவில் மங்கியிருந்தது.