ஆணி இறங்கிய சுவர்

சுண்ணாம்பு அடித்து மூன்று நாள்கூட ஆகவில்லை. கூடத்துச் சுவர் மறுபடியும் வியர்த்திருந்தது. சென்னகிருஷ்ணன் விரலால் தொட்டார். தண்ணீர் இல்லை. பிசுபிசுத்தது. முகர்ந்தபோது, பல நாள் அலசாத தலையின் சிக்கெண்ணெய் வாடை குமட்டியது.

ஜவளகிரிக் காட்டோரம் ஒரு வெள்ளைக்காரத் துரை தன் ஊர் மாளிகையை நினைத்துக் கட்டிய பங்களா அது. பனி பெய்யாத ஊரில் செங்குத்தான ஓட்டுக்கூரை, ஆள் உயரக் கணப்படுப்பு, இரட்டைச் சுவருக்கு நடுவே ஓர் ஆள் ஒடுங்கி ஏறும் மரப்படிக்கட்டு. வேலைக்காரர்கள் துரைமார் கண்ணில் படாமல் மாடிக்குப் போய்வர அந்த வழி. பங்களாவை வாங்கிய சென்னகிருஷ்ணனின் தாத்தாவுக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. வேலையாட்கள் கூடத்தை மிதிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் அவரே அதன் இரண்டு முனைகளையும் செங்கல் வைத்து அடைத்தார். அன்றுமுதல் அந்தக் கூடத்துச் சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டின் மூத்த ஆண் மட்டும்தான். காரணம் கேட்கும் வழக்கம் அக்குடும்பத்தில் இல்லை.

இன்று நான்கு மணிக்குப் பேத்தி சுசித்ராவைப் பெண் பார்க்கக் காவேரிப்பட்டினத்திலிருந்து வருகிறார்கள்.

“எலி செத்த நாத்தம் இல்லீங்க இது,” என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த மாதேஸ்வரி. “எங்க ஆயாவோட அக்கா வெங்கடம்மா இந்த வூட்லதான் வேலை செஞ்சுச்சாம். வவுத்துப் புள்ளையோட மேல போனது, எறங்கவே இல்லைன்னு சொல்லுவாங்க.”

“நகையைத் திருடிக்கிட்டுப் பெங்களூருக்கு ஓடினவ கதையை எங்கிட்ட சொல்றியா? வேலையைப் பாரு.”

“ஓடறதுக்கும் எறங்கித்தானேங்க ஆகணும்.” வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கறையை மறைத்தாக வேண்டும். தாத்தாவின் பெரிய படத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரில் ஆணி அடித்தார். ஒரே அடி. அழுகிய மாம்பழத்தில் கத்தி இறங்குவதுபோல் முழு ஆணியும் உள்ளே போய்விட்டது. அந்தத் துளையிலிருந்து வெதுவெதுப்பான காற்று அவர் முகத்தில் பட்டது. நின்றது. மறுபடியும் பட்டது.

வாசலில் கார் வந்து நின்றது.

படத்தை மாட்ட நேரமில்லை. துளையை முதுகால் அடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“பெரியவர் உக்காரலீங்களா?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“எங்க குடும்ப வழக்கம்ங்க. பொண்ணு வர்ற வரைக்கும் மூத்தவன் நிக்கணும்.” அப்படியொரு வழக்கம் கிடையாது.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கை மூடினாள்.

சுவருக்குள், மேலே, ஒரு மரப்படி முனகியது. அதற்குக் கீழே இன்னொன்று. கனத்த, நிதானமான இறக்கம். அவர் தாத்தாவின் பெருமையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முனகல் அவர் முதுகுக்கு நேரே வந்து நின்றது.

பிடரியில் ஈரம்.

முடி. கொத்தாக. சட்டைக் காலருக்குள் ஊர்ந்தது. கழுத்தைச் சுற்றியது. கடைவாயைத் தொட்டது. சிக்கெண்ணெய் நாக்கில் கசந்தது.

“செவுரு என்ன கனம்ங்க. இப்பல்லாம் யாரு இப்படிக் கட்டறாங்க?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அவர் உதடுகளை இறுக மூடியபடி தலையை மட்டும் அசைத்தார்.

சுசித்ரா காபித் தட்டுடன் வந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பார்வை மட்டும் அவருடைய தோளில் நிலைத்தது. அவர் குனிந்து பார்த்தார்.

பின்னாலிருந்து வந்து தோளைப் பற்றியிருந்தது ஒரு பச்சைக் குழந்தையின் கை. சுண்ணாம்பு வெள்ளை. ஈரம்.

சென்னகிருஷ்ணன் முதுகை வளைக்கவில்லை. பட்டுத்துண்டை இழுத்து அதன்மேல் மூடினார். துண்டுக்கு அடியில் அந்த விரல்கள் அவருடைய கட்டைவிரலைத் தேடின. கண்டுகொண்டன. பிறந்த குழந்தைகள் பிடிக்கும் அதே உறுதியோடு பிடித்தன.