ஏழாயிரம் மணி ஓடிய மோட்டார்

வேதாரண்யம் மிதவைச் சந்தையில் சனிக்கிழமை தோறும் பழைய படகு மோட்டார்கள் விற்பனைக்கு வரும். கடல் ஏறி வந்து டெல்டாவில் பாதியை எடுத்துக்கொண்டு ஐம்பது வருடம் ஆகிவிட்டது. வீடுகள் தூண்களின் மேல் ஏறிவிட்டன. பால், தபால், பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாமே படகில்தான். அங்கே மோட்டார் வாங்குவது அரிசி வாங்குவதுபோல் சாதாரண வேலை.

மேடையில் மோட்டார்களைத் தாங்கிகளில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிறு விளக்கு எரிந்தது. வருகிறவர்கள் மோட்டாரைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தார்கள். பச்சை என்றால் நின்றார்கள், மஞ்சள் என்றால் யோசித்தார்கள், சிவப்பு என்றால் நடையை எட்டிப் போட்டார்கள்.

ஜெசிந்தாவின் மோட்டாரில் சிவப்பு எரிந்தது. காலையிலிருந்து ஒருவரும் அதன் அருகில் நிற்கவில்லை. அவளும் யாரையும் கூவி அழைக்கவில்லை. பதினோரு வருடம் அந்த மோட்டாரை மாட்டிக்கொண்டுதான் தூண் ஊர்களுக்கு மருந்தும் செவிலியரும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதைக் கெஞ்சி விற்க அவளுக்கு மனம் வரவில்லை.

விளக்கை எரிய வைப்பது ஆயுள்மானி. தொழிற்சாலையிலேயே முத்திரை வைத்துவிடுவார்கள். மோட்டார் ஓடிய மணிகளை அது எண்ணிக்கொண்டே இருக்கும். ஐயாயிரம் தாண்டினால் சிவப்பு. விற்பனைக்கு வந்த சிவப்பு மோட்டாருக்கு மாலை நான்கு மணிக்குள் யாரும் சான்று தராவிட்டால் அது உருக்காலைக்குப் போய்விடும். ஒரு காலத்தில் மீட்டரைத் திருத்தி விற்ற மோட்டார்கள் நடுக்கடலில் நின்றுபோய் நிறையப் பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது.

மூன்று மணிக்கு இத்ரீஸ் வந்தான். நாகூர்க்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். மணிக்கட்டில் சான்றாளரின் நீலப் பட்டை. டெல்டா முழுவதற்கும் மூன்று சான்றாளர்கள்தான் மிச்சம். காரணம், சான்று கொடுப்பவன் அந்த மோட்டாரோடு முதல் நூறு வெளிக்கடல் பயணமும் கூடவே போகவேண்டும். கையெழுத்துப் போட்டவனின் உயிரும் படகில் இருக்கவேண்டும் என்பது சட்டம்.

கோடியக்கரை ஆம்புலன்ஸ் படகுக்கு மோட்டார் தேடி வந்திருந்தான். முதலில் பக்கத்துத் தாங்கியில் இருந்த பச்சை விளக்கு மோட்டாரிடம் போனான். விடுமுறைக்கு மட்டும் ஆள் வந்துபோகும் ஒரு வீட்டின் படகில் இருந்தது அது. அதன் சொந்தக்காரர் ஒரு பெரியவர். "வெறும் முந்நூத்தி எம்பது மணி தம்பி," என்றார். இத்ரீஸ் தலையாட்டிவிட்டு, அடியில் இருந்த திருகைத் தளர்த்தினான். கியர் ஆயில் மோர் மாதிரி வெள்ளையாக வடிந்தது.

"தண்ணி உள்ள போயிருக்குய்யா. பன்னெண்டு வருஷத்துல முந்நூத்தி எம்பது மணிதான் ஓடிருக்கு. மீதி நேரமெல்லாம் உப்புத் தண்ணியில தொங்கிருக்கு."

"ஆனா பச்சைதான எரியுது?"

"ஓடுனதத்தான் அது எண்ணும். சும்மா கெடந்தத எண்ணாது."

பெரியவர் விளக்கையும் வடிந்த எண்ணெயையும் மாறி மாறிப் பார்த்தார்.

இத்ரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். ஜெசிந்தாவின் மோட்டார் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்தான். 7,210. போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் பையைக் கீழே வைத்தான்.

"தொறக்கலாமாக்கா?"

"தாராளமா."

நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தான். நான்கும் ஏறத்தாழ ஒரே எண். புரொப்பெல்லர் தண்டைப் பிடித்து ஆட்டினான். ஆடவில்லை. எண்ணெய் தேன் நிறத்தில் வடிந்தது. இன்னொரு முறை எல்லாவற்றையும் அளந்துவிட்டு, தன் கைத்திரையின் கம்பியை மோட்டாரின் நினைவுப் பெட்டியில் செருகினான். எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதெல்லாம் திரையில் கோடாக ஓடியது. பதினோரு வருடமும் ஒரே நிதானமான நடு வேகம். ஓரிடத்தில் மட்டும் கோடு உச்சிக்குப் போய் நின்றது.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசியில, நாப்பத்தியோரு நிமிஷம் முழு வேகத்துல போயிருக்கு. அன்னிக்கு என்னக்கா?"

ஜெசிந்தா திரையில் அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தாள்.

"புயல் தம்பி. புஷ்பவனத்துல ஆஸ்பத்திரித் தூணு சாஞ்சிடுச்சு. பதினேழு பேரு உள்ள. மணல்திட்டு மேல அலை மடியறதுக்குள்ள தாண்டியாகணும். தாண்டிட்டோம்."

"எல்லாரும்?"

"எல்லாரும்."

"அதுக்கப்புறம் ரெண்டு நாள் மோட்டார் ஓடவே இல்லியே. புயல் நேரத்துல ஊரே படகு கேட்டிருக்குமே."

"கேட்டாங்க. நான் எடுக்கல. பிரிச்சுப் போட்டுட்டேன். சிலிண்டர் ஹெட்டுல லேசாக் கசிவு இருந்துச்சு. அப்படியே ஓட்டிருந்தா மூணாவது நாள் யாரையாவது நடுக்கடல்ல விட்டிருப்பேன். நல்லா ஏசுனாங்க. ஏசட்டும்னு விட்டுட்டேன்."

இத்ரீஸ் திரையை அணைத்தான். மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அவளுக்கு எதிரே குந்தினான்.

"நூறு தடவை நான் இதுல போகணும்க்கா. வீட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நீங்களா சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

மணி மூன்றே முக்கால். உருக்காலைப் படகு தூரத்தில் தெரிய ஆரம்பித்திருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆயுள்மானிக்கே தெரியாது.

"இருக்கு. ஓட்டிட்டு வந்து ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணியில கழுவிடுவேன். எங்கம்மா தவறுனப்ப மட்டும் நாலு நாள் கழுவல. குளிர்ச்சிக் குழாயோட வளைவுல உப்பு அரிப்பு விழுந்திருக்கு. வெளியேருந்து பாத்தா தெரியாது. எப்படியும் ஒரு வருஷத்துல அத மாத்தணும்."

அவன் சிறு கைவிளக்கை உள்ளே செலுத்திப் பார்த்தான். கண்ணாடியை வைத்துத் திருப்பிப் பார்த்தான். கடைசியில் விரலை விட்டுத் தடவியபோதுதான் தட்டுப்பட்டது.

"எனக்கு ஆப்பட்டிருக்காது," என்றான் மெதுவாக.

அப்படியே மணிக்கட்டுப் பட்டையை ஆயுள்மானியின் மேல் வைத்தான். சான்றுக்குக் காரணம் கேட்டுத் திரை ஒளிர்ந்தது. வழக்கமாக அழுத்த எண்களை எழுதுவார்கள். இத்ரீஸ் கொஞ்சம் யோசித்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தான்: 'ஓட்டியவர் ஜெசிந்தா.'

சிவப்பு அணைந்து, சான்று கிடைத்ததற்கான நீலம் எரிந்தது. பக்கத்துப் பெரியவர் எழுந்து வந்து அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். வேறு சிலரும் வந்து சூழ்ந்தார்கள். காலையில் நடையை எட்டிப் போட்டவர்கள் இப்போது குனிந்து மோட்டாரையே பார்த்தார்கள். ஜெசிந்தா நிமிர்ந்து நின்றாள். பதினோரு வருடத்தில் அவள் செய்த வேலையை முதன்முறையாக ஒருவன் வரி வரியாகப் படித்திருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"இவ்ளோ நல்ல மோட்டார ஏன்க்கா விக்கிறீங்க?" என்று கேட்டான் இத்ரீஸ், அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டே.

"முந்நூறு பேர் போற சூரியக் கப்பல ஓட்டக் குடுத்திருக்காங்க. மாலுமித் தேர்வுல தேறிட்டேன்."

அந்த மழைக்காலம் முழுதும் கோடியக்கரை ஆம்புலன்ஸ் அந்த மோட்டாரில்தான் ஓடியது. மிதவைச் சந்தையிலும் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எத்தனை மணி என்று கேட்டவர்கள், ஓட்டினது யாரு என்றும் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஜெசிந்தா புதுக் கப்பலின் சுக்கானைப் பிடித்த அன்று, ஓட்டக் குறிப்பேட்டில் முதல் பக்கத்தைத் திறந்தாள். எண்களுக்கு மட்டும்தான் கட்டங்கள் இருந்தன. மேலே காலியாக இருந்த இடத்தில் தன் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டுக் கப்பலைக் கிளப்பினாள்.