சிவப்பு ஒட்டிய பீரோ

எதிர் வீட்டு அம்மாள் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அம்மாளின் மகன்தான். பின்னால் கையுறை மாட்டிய மூன்று பேர். வீட்டுச் சாமான்களைப் பார்த்து மதிப்புச் சொல்லும் தொழிலுக்கு ஆட்களைப் பழக்குகிறவர் அவர். பெற்றவள் வீட்டையே வகுப்பாக்கிவிட்டார். பாடமும் நடக்கும், வீடும் காலியாகும்.

ஒத்தாசைக்கு வந்தவள் போல உள்ளே நுழைந்தேன்.

"பச்சைச் சீட்டு ஒட்டினா விற்பனைக்கு. சிவப்பு ஒட்டினா நொறுக்குற கிடங்குக்கு. சிவப்பு ஒட்டினதை மறுபடி திறக்கவே கூடாது. திறந்தா மனசு இளகும். இளகினா தொழில் போச்சு" என்றார்.

"சொந்த வீட்டுச் சாமானுக்கு நாம மதிப்புப் போடக் கூடாதுன்னு முதல் வகுப்புல சொன்னீங்களே சார்?" என்றாள் மூவரில் கண்ணாடி போட்ட பெண்.

"ஏற்கெனவே ஒரு தடவை ஃபெயில். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. இதுலயும் கோட்டை விட்டா வேலை கிடையாது, தெரியும்ல?"

அவள் குனிந்து சிவப்புச் சீட்டுகளை எடுத்தாள்.

அம்மாளின் போர்வை, ஊன்றுகோல், பல்செட் எல்லாவற்றுக்கும் சிவப்பு. பல்செட்டை ஒருவன் கடகடவென்று ஆட்டிக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"என் வீட்லயும் ஒரு பழைய சாமான் கிடக்கு தம்பி. மணிக்கொரு தரம் டீ கேக்குது. அதுக்கும் ஒரு சிவப்பு ஒட்டுங்களேன்!" என்றேன்.

பின்னறையில் யாரோ மெல்லச் சிரித்தது போலிருந்தது.

அந்த அறையில்தான் அம்மாள் கடைசிவரை கிடந்தாள். வெளியே பூட்டு. தண்ணீருக்காகச் சுவரைத் தட்டுவாள். என்னவென்று நான் கேட்டால் மகன் சொல்வார்: "அது சும்மா தட்டும். கண்டுக்காதீங்க."

மழை இருட்டிக்கொண்டு வந்தது. பின்னறையில் மர பீரோ மட்டும் பாக்கி. திறந்ததும் மருந்து நாற்றமும் மூத்திர நாற்றமும் குப்பென்று அடித்தன. பெண் துணிகளுக்குள் கையை விட்டாள்.

"சார்... சூடா இருக்கு. இப்பத்தான் யாரோ எழுந்து போன மாதிரி."

"ஒட்டு."

ஒட்டினாள். பின்பலகையில் செல் அரித்திருக்கிறதா என்று பார்க்க, அவர் தலையை உள்ளே நீட்டினார். எங்களை முன்னறைச் சாமான்களை எடுக்கச் சொன்னார்.

முன்னறைக்கு வந்தோம். பின்னால் ஏதோ கிறீச்சிட்டது.

பிறகு சத்தமே இல்லை.

வேனோடு வந்திருந்த மூட்டை தூக்குகிறவர்கள் பீரோவை வாசல்வரை கொண்டுவந்து இறக்கினார்கள். "உள்ள பழந்துணிதான்னாங்க. என்னம்மா இந்தக் கனம்?"

டொக். டொக்.

உள்ளிருந்துதான்.

பெண்ணின் கை பிடிவரை போய் நின்றது. "அக்கா, சாரைக் காணோம்... இது அவர் வைக்கிற டெஸ்ட்டா இருக்குமோ? சிவப்பு ஒட்டியாச்சே... திறந்தா ஃபெயில்தானே?"

டொக் டொக் டொக்.

ஆளில்லாத பின்னறையிலிருந்து, பல்லில்லாத வாயின் குரல் நிதானமாக வந்தது.

"அது சும்மா தட்டும். கண்டுக்காதீங்க."

பெண் கையை இழுத்துக்கொண்டாள். நான் வழியை விட்டு ஒதுங்கினேன். ஒன்றும் காதில் விழாதவர்கள் போல மூட்டை தூக்குகிறவர்கள் பீரோவை வேனில் ஏற்றினார்கள். தெருமுனை திரும்பும்வரை தட்டல் கேட்டது.

கிடங்கில் பீரோவை நொறுக்கியபோது இயந்திரம் ஒரு தரம் திக்கி நின்று, பிறகு ஓடியதாம். மகனை இன்னும் தேடுகிறார்கள். அந்தப் பெண் பாஸ். மதிப்பெண் போட்டது யார் என்று அவளும் கேட்கவில்லை.

எதிர் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. ஆனால் இன்று காலை என் வீட்டுக்காரர் டீ கேட்கவில்லை. எழுப்பப் போனேன்.

நெற்றியில் சிவப்பு ஒட்டியிருந்தது.

வாசலில் வேன் நிற்கும் சத்தம்.