சொல்லாமல் எழுந்து போகிறவள்

ஜொகூர் பாருவின் மேட்டுத் தெருவில் குடியேறினால் நிம்மதியாக இருக்கலாம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த செல்லப்பாக்கியத்திடம் சொன்னவர்கள், அங்கே ஒரு பிற்பகலாவது உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். அழகான ஓட்டு வீடுகள், ரோஜாத் தொட்டிகள், வெள்ளையடித்த வேலிகள். ஆண்கள் காலை ரயிலில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு உத்தியோகம் பார்க்கப் போனால், பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். இடைப்பட்ட நேரம் பெண்களுடையது. திரைச்சீலை எந்தக் கடை, சமையல்காரி எந்த ஊர், ஏன் இன்னும் பிள்ளையில்லை என்று விசாரிக்க வருவார்கள். ஒருத்தியை அனுப்பிவிட்டுக் காலை நீட்டினால் அடுத்தவள் படியேறுவாள்.

கடைசியாக வருகிறவள் சாம்பல் நிறச் சேலைக்காரி.

வெயில் தணியும் நேரத்தில் சத்தமில்லாமல் வந்து கதவோரப் பிரம்பு நாற்காலியில் உட்காருவாள். பெட்டிக்குள் ஈரத்தோடு மடித்துவைத்த துணியின் வாடை அவளோடு உள்ளே வரும். கேட்டதற்குத் தலையாட்டுவாள். கண் மட்டும் கூடத்தின் நடுவில், ஒன்றுமில்லாத வெறுந்தரையில் நிலைத்திருக்கும். கொடுத்த தேநீரில் ஆடை படியும். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுவாள். வாசல் குழாயில் கொஞ்ச நேரம் தண்ணீர் விழும்.

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி குத்தகைக்காரரின் மனைவி. தெருச் செய்தியெல்லாம் அவளைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். அவளிடம் செல்லப்பாக்கியம் சலித்துக்கொண்டாள்.

"போட்டு வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா வாய் தேஞ்சு போமோ? பேசாம எழும்பிப் போறா."

"அலமாக்! இந்தத் தெருவில திமிர் இல்லாதவ யாருக்கா? தே குடிச்சாங்களா?"

"தொடேல்லை."

முறுக்கை வாய்க்குக் கொண்டுபோன புஷ்பவள்ளியின் கை பாதியில் நின்றது.

"போறப்ப காலு கழுவினாங்களா?"

"ஓம். தண்ணிச் சத்தம் கேக்கிறது."

புஷ்பவள்ளி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நாம எந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்காம, சொல்லிக்காம எந்திரிச்சு வருவோம்?"

சாவு வீட்டில்.

செல்லப்பாக்கியம் கதவோரப் பிரம்பு நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடைசி வீட்டு அன்னலட்சுமிக்கா அது. உங்க ஊரு ஆளுங்கதான். அவங்க வீட்டுக்காரரு செத்த அன்னிக்கு மேல் வீட்டுக்கு கிராமபோன் பெட்டி வந்துச்சு. தெருவே அங்க போயிருச்சு. துக்கம் கேக்க ஒரு ஆள் போகல. அப்புறம் அந்தம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. இப்போ எந்த வீட்டுல சாவுன்னாலும் அவங்க முந்திக்கிட்டு வந்துடறாங்க. எங்க மாமியார் சாகறதுக்கு முன்னாடியும் வந்தாங்க."

முறுக்கை அப்படியே தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள். "போயிட்டு வரேன்க்கா. கேட்டுச்சா? போயிட்டு வரேன்."

வேலிப் படலைத் தாண்டியும் ஒருமுறை சொன்னாள்.

செல்லப்பாக்கியத்தின் வீட்டில் இருப்பது அவளும் கணவரும், இரண்டே பேர். சோமசேகரம் அன்று மாலை வழக்கம்போல் இருமிக்கொண்டே மேடேறி வந்தார். கப்பல் கம்பனியில் கணக்கெழுதும் பெரிய கிராணி. ஆள் துணிக்கொடியில் மாட்டிய கோட்டுப் போல ஆகியிருந்தார்.

"நாளைக்குப் போகாதேங்கோவன்."

"வெள்ளைக்காரன் நான் செத்தாத்தான் லீவு தருவான்" என்று சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் சாம்பல் சேலைக்காரி வந்தாள். உட்கார்ந்தாள். வெறுந்தரையைப் பார்த்தாள், நீளத்தை அளப்பவள் போல, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை.

எழுந்தபோது செல்லப்பாக்கியம் வாசலை மறித்து நின்றாள்.

"அக்கா, தேத்தண்ணியைக் குடியுங்கோ. இது செத்த வீடு இல்லை."

ஈர வாடை முகத்தில் மோதியது.

"உங்களுக்கு ஒருத்தரும் வரேல்லை. அது பிழைதான். ஆனா அவரை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்? சொல்லிப்போட்டுப் போங்கோ அக்கா."

கோப்பை மெல்ல உயர்ந்தது. ஒரு மிடறு.

"வாறன்."

கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போன்ற குரல். அன்று குழாயில் தண்ணீர் விழவில்லை. சோமசேகரம் பசியோடு வீடு வந்து சேர்ந்தார். வாரங்கள் போக, இருமல்கூடக் குறைந்தது.

ஆனால் சொன்னவள் வராமல் இருப்பாளா? தினமும் வந்தாள். தினமும் தேநீர் ஊற்ற வேண்டும், குடிக்கச் சொல்ல வேண்டும், அந்த ஒரு சொல்லைக் கேட்டு வாங்க வேண்டும். செல்லப்பாக்கியம் அயலில் யார் வீட்டுக்கும் போவதில்லை, பிற்பகலில் கண்ணயர்வதில்லை. யாழ்ப்பாணத்து அம்மாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று தெரு பேசிக்கொண்டது. புஷ்பவள்ளிக்கு விஷயம் தெரியும். அதனால்தான் அவள் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று நலம் விசாரித்தாள்.

ஓராண்டு கழிந்தது. பருவமழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளுக்கு எதிரே தேநீரை வைத்துவிட்டுச் செல்லப்பாக்கியம் சுவரில் சாய்ந்தாள். ஓட்டின் மேல் மழை ஒரே தாளத்தில் பெய்தது. ஓராண்டுத் தூக்கம் இமையில் வந்து உட்கார்ந்தது.

கண் விழித்தபோது மழை விட்டிருந்தது.

நாற்காலி காலி.

கோப்பை நிறைய இருந்தது. மேலே ஆடை.

கீழே ஸ்டேஷனில் சிங்கப்பூர் ரயில் கூவியது. ஆண்கள் வீடு திரும்ப, தெருவில் ஒவ்வொரு வீட்டுப் படலும் திறந்து மூடுகிற சத்தம், அடிவாரத்திலிருந்து மேலேறி வந்துகொண்டிருந்தது. செல்லப்பாக்கியம் எழப் பார்த்தாள். முடியவில்லை.

வாசல் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.